ஊன்றுகோல் ஈந்த உபகாரம்

உதவி என்னும் சொல் உலகவழக்கில் மிக எளிதாக வழங்குகின்றது. பொருள் கொடுத்தலும் உதவி. பாரம் சுமத்தலும் உதவி. வழி கூறுதலும் உதவி எனப்படும். ஆயினும், ஒருவன் செய்யவேண்டிய செயலை மற்றொருவன் தானே செய்து முடித்தல் ஒருவகை. அவனே அதனைச் செய்யுமாறு உடன்நின்று செய்வித்தல் மற்றொருவகை. முன்னையது அப்பொழுதைக்கு இனிது. பின்னையது பின்னாளில் உறுதி பயப்பது. இவ்விரண்டன் வேறுபாட்டை நூல்வழி அறிந்தோர் பலர். உடம்பிற் பட்டு அறிந்தோர் சிலர். அங்ஙனம் பட்டறிந்த முதியவர் ஒருவரின் வரலாறு ஈண்டு உரைக்கப்படுகின்றது.

அவர் தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர்ப் பக்கம் வாழ்பவர். பள்ளியொன்றில் நெடுங்காலம் தமிழ் பயிற்றி ஓய்வு பெற்றவர். அகவை எழுபத்தெட்டு. தீக்கை பெற்று, அனுட்டானமும் ஆன்மார்த்த பூசையும் வழுவாது இயற்றுபவர். சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூருக்குத் திங்கள்தோறும் ஒருமுறை சென்று, அப்பெருமான் எடுப்பித்த திருநாகேச்சுரத்தை வலம்வந்து மீளுதல் அவர் மேற்கொண்ட நியமம். அன்பர் சிலர்க்கு வீட்டுத் திண்ணையிற் சிவஞானபோதம் பாடம் சொல்லி வந்தார். பிறர்க்குச் சுமையாக இருத்தலினும் இறத்தல் நன்று எனப் பலகாலும் கூறுவார். அதனைப் பற்றின்மையின் அடையாளம் என்றே அவரும் கருதினார், கேட்டோரும் கருதினர்.

ஒரு மழைக்கால வைகறையில், பூசைக்கு நீர் கொண்டுவரும்பொழுது, ஈரத்தரையிற் கால் வழுக்கி வீழ்ந்தார். இடத்தொடை எலும்பு, இடுப்போடு பொருந்தும் கழுத்துப் பகுதியில் முறிந்தது. மக்கள் அவரை அருகிலிருந்த மருத்துவசாலைக்குக் கொண்டு சென்றனர். மறுநாள் அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. அதற்கு அடுத்த நாட் காலையில், அவர் கண்விழித்துத் திருநீறு தரித்துச் சற்றே அமைதியுற்றிருந்த பொழுது, இளைஞர் ஒருவர் கட்டிலருகே வந்து கைகூப்பி, “ஐயா, இன்று எழுந்து உட்காருவோம்” என்றார்.

அவ்விளைஞர் இயன்முறை மருத்துவர்க்கு உதவியாளர். பிசியோதெரபி என ஆங்கிலப் பெயராலும் வழங்கும் அத்துறை, மருந்தினாலன்றி அசைவினாலும் பயிற்சியினாலும் உடம்பின் இயக்கத்தை மீட்பது. இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டில் செவிலியர் நால்வர் கூடி அமைத்த சங்கத்திலிருந்து வளர்ந்து, முதல் உலகப்போரிற் காயமுற்ற வீரர்களை மீண்டும் நடக்கச்செய்யும் தேவையால் விரிவுற்று, பின்னர் இளம்பிள்ளை வாதத்தால் முடமான குழந்தைகளின் பொருட்டு 1950களின் முற்பகுதியிற் பம்பாய் வழியாக இந்நாட்டில் வேரூன்றியது. உதவியாளர் என்னும் நிலையை அமெரிக்க நாட்டு இயன்முறை மருத்துவர் சங்கம் 1967இல் வரையறுத்தது. இந்நாட்டில் பட்டம் பெற்ற இயன்முறை மருத்துவரே பெரும்பாலும் இப்பணி முழுவதையும் செய்வராயினும், பெரிய மருத்துவசாலைகளில் அவர்க்கு உதவியாளர் இருத்தலும் உண்டு. நோயாளர்க்கு எது தகும் என மருத்துவர் வகுப்பார். வகுத்ததை நிகழ்த்துபவர் உதவியாளர். வகுத்த முறையைத் தாமே மாற்றும் உரிமை அவர்க்கில்லை. கண்ட மாற்றத்தை உடனே சென்று அறிவிக்கும் கடமை உண்டு.

முதியவர் அவரை ஏறிட்டு நோக்கி, “அறுத்துத் தைத்த புண்ணில் ஈரம் உலரவில்லை; எழுவதாவது! பிணியாளனுக்குப் படுக்கையே மருந்து, தம்பி” என்றார்.

அவர் அங்ஙனம் கூறியதற்குக் காரணம் உண்டு. அவர் சிறுவராக இருந்தபொழுது, 1954ஆம் ஆண்டளவில், அவர்தம் சிறிய தந்தையார் காசநோயுற்றுத் தாம்பரம் சானடோரியத்திற் கிடந்தார். பச்சைமலையின் அடிவாரத்தில் மரங்கள் செறிந்த அவ்விடத்தை 1928ஆம் ஆண்டில் நிறுவியவர் மருத்துவர் சவுரிமுத்து என்பவர். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் நிலையம் நடத்தி, 1917இல் கணித மேதை இராமானுசர்க்கும் ஆங்கு மருத்துவம் செய்தவர். தாம்பரத்து நிலையத்தை 1937இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. தூய காற்றும், நல்லுணவும், நெடுநாள் ஓய்வுமே அந்நோய்க்கு மருந்தாக நம்பப்பட்ட காலம் அது. திங்கட்கணக்கிற் கட்டிலில் அசையாது கிடந்த சிறிய தந்தையாரை, தந்தையார் கையைப் பற்றிக்கொண்டு தொலைவில் நின்று கண்ட காட்சி அச்சிறுவர் உள்ளத்திற் பதிந்துவிட்டது. நோய் என்றாற் படுக்கை. படுக்கை என்றால் மருந்து என்பது அன்று தொட்டு அவர் துணிபு.

ஆனால் அத்துணிபை அசைத்ததும் இதே சென்னைதான் என்பது அவர் அறியாதது. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில், நோயாளருள் ஒருசாரார்க்குச் சானடோரியத்திலும் ஒருசாரார்க்கு அவரவர் வீட்டிலுமாக ஒரே மருந்து ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். வீட்டிலிருந்தோர் ஓய்வும் நல்லுணவும் குறைவாகப் பெற்றும், இருசாரார்க்கும் பயன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959இல் வெளிவந்த அம்முடிபு, நெடுநாட் படுக்கையின்றியும் மருந்தாற் குணமுறலாம் என்பதை உலகுக்குக் காட்டியது. அதற்கு முன்னரே, 1947இல், இலண்டனில் ரிச்சர்டு ஆஷர் என்னும் மருத்துவர் படுக்கையால் விளையும் கேடுகளை நிரல்பட எழுதினார். அசையாது கிடப்பார்க்குக் காலின் ஆழ்நரம்புகளிற் குருதி உறையும். நுரையீரலிற் சளி தேங்கும். முதுகிற் புண் எழும். தசை நாடோறும் கரையும். இடுப்பெலும்பு முறிந்த முதியோரை முறிவு கொல்வது குறைவு. முறிவைத் தொடர்ந்த கிடப்பே பெரும்பாலும் கொல்லும். ஆகவே அறுவைக்கு மறுநாளே எழுப்புதல் இக்கால முறை. இவற்றையெல்லாம் அவ்வுதவியாளர் எடுத்துரைத்து வாதிட்டிலர். “ஐயா சொல்வதும் சரியே; முழுதும் எழவேண்டா, முதலிற் பாதத்தை மட்டும் அசைப்போம்” என்றார்.

விரல்நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டி உயிர்வளியின் அளவு பார்த்தார், குருதியழுத்தம் பார்த்தார், நோவு பத்தில் எத்துணை எனக் கேட்டார், செவிலியரிடம் சென்று நோவு தணிக்கும் மருந்து கொடுக்கப்பட்டதா என உசாவினார். பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் செய்தார். பின்னர் மூன்று அறைகளில் மூன்று சிறு பந்துகள் அடங்கிய ஒரு கருவியைக் கையிற் கொடுத்து, அதன் குழலை வாயில் வைத்து மூச்சை உள்ளிழுத்துப் பந்துகளை எழச்செய்யுமாறு கூறினார். முதியவர் அதனை உற்றுநோக்கிப் புன்முறுவல் செய்து, “மும்மலமும் அடங்கவேண்டும் என்றே இத்துணை ஆண்டும் வேண்டிவந்தேன், நீ மூன்றையும் எழுப்பச் சொல்கின்றாயே, தம்பி!” என்றார். இளைஞர்க்கு அதன் பொருள் விளங்கவில்லையெனினும், முதியவர் முகத்திற் சிரிப்புத் தோன்றியது அவர்க்குப் போதியதாயிற்று. ஒரு பந்து எழுந்தது. மற்றை இரண்டும் அசைந்திலவாம்.

அதன்பின் அவரைப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைக் கட்டிலினின்றும் இறக்கி, உட்காருமாறு செய்தார். நோவு மின்னலெனப் பாய்ந்தது. “கொல்கின்றாயே!” என்று முதியவர் அலறினார். இளைஞரின் கை முதுகினின்றும் அகலவில்லை. கண் முகத்தினின்றும் அகலவில்லை. தலை சுழல்கின்றது என முதியவர் சொல்வதற்கு முன்னரே, முகம் வெளுத்ததைக் கண்டு மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டார். “இப்பொழுதைக்கு இது போதும், ஐயா, பிற்பகல் வருகின்றேன்” என்று கூறி அகன்றார். பிற்பகலில் வந்தார், அப்பொழுது முதியவர் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் எழுந்து நிற்கவேண்டிய நாள். அப்பொழுது மூத்த மகனும் இளைய மகனும் உடனிருந்தனர். தந்தையார் நோவுறுதலைக் காணப் பொறாது இருவரும் இருபுறமும் தோளைப் பற்றித் தூக்க முற்பட்டனர். “தூக்காதீர்கள், அவர் எழட்டும்” என்று உதவியாளர் தடுத்தார். மூத்த மகனுக்குச் சினம் மிக்கது. “உதவிக்கென்று வந்தவர் கைகட்டி நிற்பதோடு, எங்களையும் தடுப்பதா?” என்றார். அதற்கு அவ்விளைஞர், “அண்ணா, நாம் தூக்கினால் நம் கைக்கு வலிமை வரும், ஐயா காலுக்கு வாராது” என்றார். பின்னர் முதியவர் இடையில் அகன்ற பட்டையொன்றைக் கட்டி, அதனை ஒருகையாற் பற்றி, நாற்காற் சட்டமாகிய வாக்கரை முன்னர் வைத்து, கட்டிலை ஊன்றி எழுமாறு சொன்னார். முதியவர் எழுந்தார். பட்டையைப் பற்றிய கை இழுக்கவுமில்லை, விடவுமில்லை. வாக்கர் முன்னே, பின்னர் நோயுற்ற கால், பின்னர் நல்ல கால் என்னும் முறையில் நான்கடி நடந்தார்.

அன்றிரவு நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் திருப்பம். நான்கடி நடந்தமையால் முதியவர்க்கு ஒரு செருக்குத் தோன்றியது. நள்ளிரவில் நீர் அருந்த விரும்பினார். செம்பு சற்றே எட்டத்தில் இருந்தது. மணியை அழுத்தினாற் செவிலியர் வருவர். அருகே தரையிற் படுத்திருந்த மகனை அழைத்தால் அவர் எழுவார். இருவரையும் அழைத்திலர். ‘இதற்குமா ஒருவர்?’ என்று தாமே கட்டிலினின்றும் இறங்கினார். இடக்கால் மடங்கியது. கட்டிலின் கம்பியை இறுகப் பற்றியதால் தலை தரையில் மோதாது தப்பியது. ஓசை கேட்டு ஓடிவந்தோர் தூக்கிக் கிடத்தினர். புதிதாக எலும்பு எதுவும் முறியவில்லை என்பது சோதித்து அறியப்பட்டது. ஆயினும் அன்று முறிந்தது ஒன்றுண்டு. அஃது அவர்தம் துணிவு. பொழுது விடிந்ததும் வந்த உதவியாளரை நோக்காது சுவர்ப்புறம் திரும்பிக்கொண்டு, “இனி எழேன்; நீ போகலாம்” என்றார்.

போகென்றதும் போதற்கு ஏது உண்டு. நோயாளர் மறுத்தனர் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றால் எவரும் குறைகூறார். நாளெல்லாம் நின்றும் குனிந்தும் தாங்கியும் முதுகு நோவுறும் பணி அது, ஊதியமோ சிறிது. அவர் நாள்தோறும் செங்கற்பட்டுக்கு அப்பாலுள்ள சிற்றூரொன்றிலிருந்து மின்தொடர்வண்டியில் வந்து மீள்பவர். இருந்தும் அவர் போகவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதியவர் கண்மட்டத்திற்கு அமர்ந்து, சிறிதுநேரம் வாளா இருந்தார். பின்னர், “வீட்டுக்குச் சென்றதும் ஐயா முதலிற் செய்ய விரும்புவது யாது?” என்று வினவினார்.

முதியவர் நெடுநேரம் விடை கூறவில்லை. பிறகு, “பூசையறைக்குட் புகவேண்டும்” என்றார். “அங்கு என்ன தடை?” “வாயிலில் ஒரு படி இருக்கின்றது.” “எத்துணை உயரம், ஐயா?” முதியவர் கட்டிலின்மேற் கையை ஊன்றிச் சாணளவு காட்டினார். இளைஞர் அவ்வளவைத் தம் கையால் அளந்துகொண்டு, “அப்படியாயின் அந்த ஒரு படிக்கே பழகுவோம்” என்றார்.

அன்று பகல் முழுதும் முதியவர் உள்ளத்தில் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. நாற்பதாண்டு பாடம் சொன்ன பொருள் அது. ஆயினும் அன்றே முதன்முறை கேட்டார் போல்வது. சிவஞானபோதத்தின் ஐந்தாஞ் சூத்திரம் இறைவன் உயிர்க்குச் செய்யும் காட்டும் உபகாரத்தைக் கூறும். பதினொன்றாஞ் சூத்திரம் காணும் உபகாரத்தைக் கூறும். கண் முதலிய பொறிகள் தாமே அறியமாட்டா. உயிர் உடன்நின்று அறிவிக்க அறியும். அவ்வாறே உயிரும் தானே அறியமாட்டாது. இறைவன் உடன்நின்று அறிவிக்க அறியும். கண்ணுக்குக் காட்டி, அதனோடு தானும் உடன்காணும் உயிரைப்போல, இறைவனும் உயிர்க்குக் காட்டி, அதனோடு தானும் உடன்காண்கின்றனன். காட்டுதல் மட்டும் செய்து அகல்பவன் ஆசிரியனாதல் கூடும், உடன்காண்பவனே உயிர்த்துணை.

அற்றேல், உயிர் வாளா கிடக்க எல்லாம் இறைவனே செய்தல் ஆகாதோ எனின், ஆகாது. அங்ஙனமாயின் உயிரின் அறிவும் இச்சையும் செயலும் விளங்குதற்கு இடமின்றிப் போம். மக்கள் இருவரும் தூக்க முற்பட்டது போல்வதே அது. இனி, உயிர் தானே செய்துகொள்ளும், துணை வேண்டா எனின், அஃது ஆணவத்தின் கூற்று. நள்ளிரவிற் கட்டிலினின்றும் இறங்கியது போல்வதே அது. இவ்விரு பிழையும் தம்மிடத்தே ஒரே நாளில் நிகழ்ந்தமையை முதியவர் கண்டார். ‘பிறர்க்குச் சுமையாக இருத்தலினும் இறத்தல் நன்று’ என்று தாம் பலகாலும் கூறியது பற்றின்மை அன்று, துணையை ஏலாத செருக்கே என்பதும் அப்பொழுது அவர்க்குப் புலனாயிற்று. ‘கொல்கின்றாயே’ என்று தாம் அலறிய அச்செயலையும் எண்ணிப் பார்த்தார். இனியன செய்து ஆட்கொள்ளுதலை அறக்கருணை என்றும், துன்பம் போலத் தோன்றுவன செய்து ஆட்கொள்ளுதலை மறக்கருணை என்றும் நூலோர் வகுப்பர். முன்னையதைக் கருணையென அறிதல் எளிது. பின்னையதை அறிதற்குக் காலம் வேண்டும்.

இவ்வுவமை ஒருபுடை ஒப்புமையே என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. உதவியாளர் ஒரு நாளில் சில நிமிடமே உடன்நிற்பவர். இறைவன் அநாதியே உடன்நிற்பவன். அவர் களைப்பறிவார், இறைவன் அதனை அறியான். அவர் ஊதியம் பெறுபவர்; இறைவன் கைம்மாறு வேண்டாதவன். எனினும், கண்ணாற் காணவியலாத பெரும்பொருள் ஒன்றைச் சிறுபொருள் ஒன்றன் நிழலிற் காண்பதற்கே உவமை பயன்படுகின்றது.

மறுநாட் காலையில் முதியவர் மணியை அழுத்தினார். உதவியாளர் வந்தபொழுது, “எழுவோம், தம்பி” என்றார். இளைஞர் ‘ஒன்று, இரண்டு’ என எண்ணத் தொடங்க, முதியவர் அவரைக் கையமர்த்தி, திருவைந்தெழுத்தின் எழுத்துக்கு ஓரடியாக நடந்தார். ஐந்தடி முடிந்ததும் நின்று மூச்சு வாங்கினார், மீண்டும் ஐந்தடி. அடுத்த நாள் மருத்துவசாலைப் படிக்கட்டில் முதற்படியில் பழகினர். ஏறும்பொழுது நல்ல கால் முன்னர். இறங்கும்பொழுது நோயுற்ற கால் முன்னர் என்பது முறை. பின்னாளில் ஒற்றைக் கோல் ஊன்றுங்கால், அதனை நோயுற்ற காலின் பக்கத்துக் கையிலன்றி மறுபக்கத்துக் கையிலேயே பிடிக்கவேண்டும் என்பதையும் இளைஞர் சொல்லிக்கொடுத்தார். முதியவர் வியந்து காரணம் கேட்க, மறுபக்கத்தில் ஊன்றினாலே நோயுற்ற இடுப்பின்மேல் விழும் பாரம் குறையும் என விளக்கினார்.

கோல் என்றதும் முதியவர்க்குச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாறு நினைவில் எழுந்தது. திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்து எல்லை கடந்த அப்பெருமான் இருகண்ணொளியும் இழந்து, திருமுல்லைவாயிலைத் தொழுது, திருவெண்பாக்கம் அடைந்தனர். அங்கே இறைவன் கண்ணளித்திலன். ஊன்றுகோல் ஒன்றே அளித்தனன். அவ்வூர் நின்ற இடம் 1944இல் நிறைவெய்திய பூண்டி நீர்த்தேக்கத்துள் ஆயினும், பூண்டியில் இன்றும் பெருமான் ஊன்றீசர் என்னும் திருநாமத்தோடு எழுந்தருளியுள்ளார். அக்கோலை ஊன்றிச் சென்ற சுவாமிகள் காஞ்சியில் இடக்கண் பெற்றனர்; திருவாரூரில் வலக்கண் பெற்றனர். எல்லாம் வல்லான் முதற்கண்ணே இருகண்ணும் ஈந்திருக்கலாகாதோ எனப் பல்லாண்டு மாணாக்கர் வினவியதுண்டு. முதியவரும் பலவாறு விடை கூறியதுண்டு. வாக்கரைப் பற்றி நின்ற அந்நிலையிலே தோன்றிய விடை இது: கண்ணில்லாதவன் நடத்தற்கு வேண்டுவது முதலிற் கோல், நடந்தவனுக்கே காஞ்சியும் ஆரூரும் வரும். திருவெண்பாக்கத்துக் கோலைச் சிறிதென எண்ணி ஆங்கே அமர்ந்துவிட்டால் பின்னையருள் பெறுதற்கு இடமில்லை.

மருத்துவசாலையில் இவ்வுதவியாளர் செய்யும் தொண்டு திருவெண்பாக்கத்துத் தொண்டு போல்வது. கடுநோய்க்கு மருத்துவம் செய்யும் இடத்தில் எவரும் நெடுநாள் தங்கார். நாலடி நடக்கவும் ஒரு படி ஏறவும் வல்லராயதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவர். அக்கட்டிலில் மாலையே வேறொருவர் வந்து கிடப்பார். எழுப்பியவர், தம்மால் எழுந்தவர் ஓங்கி நடப்பதைக் காணார். உழுதவன் விளைவைக் காண்பான். நட்டவன் கனியைக் காணக்கூடும். இவர்க்கோ பெரும்பாலும் அதுவும் இல்லை. பயன் தம் கண்ணிற் படாதவழியும் நாடோறும் அத்தொண்டினைச் செய்தல் எளிதன்று.

ஏழாம் நாள் முதியவர் வீட்டுக்குப் புறப்பட்டார். சக்கர நாற்காலியில் அமர்ந்து வாயிலுக்கு வரும்பொழுதுதான், இத்துணை நாளும் ‘தம்பி’ என்றதன்றி அவ்விளைஞரின் பெயரைத் தாம் கேட்டதில்லை என்பது அவர்க்குத் தோன்றிற்று. அறுபத்துமூவர் பெயரும் ஊரும் நாளும் தலைகீழாகச் சொல்லவல்லவர். தம்மை ஏழு நாளும் தாங்கியவர் பெயரை அறிந்திலர். நாணத்தோடு கேட்டார், இளைஞர் சொன்னார். அப்பெயர் ஈண்டு வேண்டப்படுவதன்று. திருத்தொண்டத்தொகையில் தனியடியாரைப் பெயர்சுட்டிப் போற்றிய சுந்தரமூர்த்தி சுவாமிகள், பெயர் சுட்டாது தொகையடியார் ஒன்பதின்மரையும் உடன்வைத்துப் போற்றினர். பெயரறியப்படாது தொண்டு செய்வாரையும் மறவாமை நம் சமயத்தின் மரபு.

வீட்டிற்குச் சென்ற முதல்நாளே, மக்கள் இருவரும் இருமருங்கும் கைகட்டி நிற்க, முதியவர் வலக்காலை முன்வைத்துப் பூசையறைப் படியேறினார். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர் ஒருவர் வீட்டுக்கே வந்து பயிற்சியளித்தார். தசை இறுகிய இடங்களுக்குத் தொக்கணம் செய்துகொள்ள மனைவியார் விரும்பினார். தட்டல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகையாகச் சித்த மருத்துவ நூல்கள் கூறும் அம்முறை, 2005 முதல் தாம்பரம் சானடோரியத்தில் நிலவும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் காரணமாக அவ்வூரார் அறிந்ததே. எலும்பு நன்கு கூடியபின் அறுவை மருத்துவரின் இசைவு பெற்றே செய்யவேண்டும் என முதியவர் காத்திருந்தார். தாமே துணிந்து செய்தலின் விளைவை முன்னரே அறிந்தவராதலின்.

மூன்று திங்கள் கழிந்து, அறுவை மருத்துவரைக் காண அதே மருத்துவசாலைக்கு வலக்கையிற் கோலூன்றிச் சென்றார். அதற்கு முந்திய ஞாயிறன்றுதான் குன்றத்தூரிற் திருநாகேச்சுரத்தை ஒருமுறை வலம்வந்திருந்தார். அச்செய்தியை அவ்விளைஞர்க்குக் கூறவேண்டும் என்னும் பெருவிருப்போடு, திருநீற்றுப் பிரசாதமும் கொணர்ந்திருந்தார். நடைக்கூடத்தின் திருப்பத்தில் அவரைக் கண்டார். மூதாட்டி ஒருவரின் இடைப்பட்டையை ஒருகையாற் பற்றி, முதுகு குனிந்து, அடிக்கொன்றாக எண்ணிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார் அவர். மூதாட்டி நோவால் ஏதேதோ ஏசிக்கொண்டு வந்தார். முதியவர் அழைக்க வாயெடுத்தவர், அழைத்திலர். அவ்விளைஞரின் கண் அம்மூதாட்டியின் முகத்தினின்றும் இமைப்பொழுதும் அகலாமையைக் கண்டு, சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு நின்றார். இருவரும் அவரைக் கடந்து சென்றனர். ஒருகாலத்துத் தம் முகத்தின்மேலும் அக்கண் அங்ஙனமே நின்றது என்னும் நினைவு அவர் நெஞ்சை உருக்கிற்று. பிரசாதத்தைச் செவிலியரிடம் கொடுத்து, அவரிடம் சேர்ப்பிக்குமாறு கூறி மீண்டார்.

அவ்வாரம் திண்ணையில் மீண்டும் பாடம் தொடங்கியது. பதினொன்றாஞ் சூத்திரத்திற்கு வந்தபொழுது, மாணாக்கர் ஒருவர், “காட்டும் உபகாரம் ஒன்றே அமையுமே; காணும் உபகாரம் எற்றுக்கு?” என்று வினவினார். முதியவர் அருகிற் சார்த்தியிருந்த கோலை ஒருமுறை நோக்கினார். “நடக்கும் வழியைக் காட்டியவர் பலர், நான் நடக்கும்பொழுது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உடன் நடந்தவர் ஒருவரே. அவர் இல்லையேல் இப்படியை நான் ஏறியிரேன்” என்றார்.